பழவேற்காடு என்பது டச்சுக்காரர்கள் வைத்த பெயரா? சுற்றியுள்ள குப்பங்களுக்குப் பெயர்கள் எப்படி வந்தன?

இல்லை. சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் தங்கள் கோட்டைக்கு வைத்த பெயர்தான் கெல்டிரியா. இன்றைக்கு ஊருக்குள் போய் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் புரியாது. 'கோட்டை எங்கே' என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் கை காட்டுவான். பெரிய ஆட்கள் வைத்த பெயரெல்லாம் இங்கே காகிதத்தோடு போய்விட்டது, வலை இழுக்கிறவர்கள் கூப்பிட்ட பெயர்தான் நின்றது. என் அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கத்துக் குப்பம் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் பெயர். வேல் என்றால் வேலமரம். வேல், காடு இரண்டும் சேர்ந்தால் வேற்காடு. சென்னையை ஒட்டிய திருவேற்காட்டுக்கும் இதே கணக்குதான். 'பழ' என்பது பழங்கதை, பழந்தமிழ் என்கிறோமே, அந்தப் 'பழ'. ஆக, பழைய வேலங்காடு. அலையாத்தி மரங்களின் வேர்கள் பின்னிக் கிடந்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வேர் என்றால் வேர்க்காடு என்று இடையின 'ர்' வர வேண்டும். ஊர்ப் பெயரில் இருப்பது வல்லின 'ற்'.

டச்சுக்காரர்கள் இதைப் 'பாலியகட்டா' என்ற மாதிரி எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் புலிகாட் ஆனது. ழகரம் அவர்கள் வாயில் நுழையவில்லை, அதற்கு என்ன செய்வது. இங்கிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கே ஐரோப்பாவில் 'புலிகாட்' என்று பெயர் விழுந்தது. விஜயநகரக் காலத்தில் ஆனந்தராயன்பட்டினம் என்றொரு பெயரும் இருந்தது. பிரளயகாவேரி என்பது இன்னொன்று. இரண்டும் எவ்வளவு கம்பீரமாக இருக்கின்றன பாருங்கள்! ஆனால் இரண்டையும் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சில் எல்லாருக்கும் 'பழவேக்காடு'தான்.

போர்ச்சுகீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். மகிமை மாதா கோயிலின் கதை அவர்கள் காலத்தில் தொடங்குகிறது. நடுவூர் மாதாகுப்பம் என்ற ஊர்ப் பெயரில் இருக்கும் மாதா அவர்தான். டச்சுக்காரர்கள் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் 1610-இல் அனுமதி வாங்கினார்கள். 1613-இல் கோட்டை எழும்பியது. தங்கள் நாட்டு கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அதற்கு கெல்டிரியா என்று பெயர் வைத்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் தலைமையிடம். 1690 வாக்கில் தலைமையை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781-இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதும் மறுபடி இங்கே வந்தார்கள். கடைசியில் 1825-இல் ஒப்பந்தப்படி ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்காக ஒரு கிளைக்கதை. 1620-களில் ஆங்கிலேயரும் பழவேற்காட்டில் கடை விரித்துப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துவரவில்லை. ஏரியின் வடகோடிப் பக்கம் துகராசபட்டினத்துக்கு நகர்ந்து 1626-இல் ஒரு பண்டகசாலை போட்டார்கள். அங்கே அவர்களுக்கு உதவிய உள்ளூர்ப் பெரியவர் ஆறுமுக முதலியார் என்றும், அவர் பெயரைத்தான் ஊருக்கு 'ஆர்மகான்' என்று வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். ஆறுமுகம் ஆர்மகான் ஆனது! அங்கேயும் வியாபாரம் சரிப்படாமல் தெற்கே இடம் தேடி 1639-இல் வந்து சேர்ந்ததுதான் மதராசப்பட்டினம். பழவேற்காட்டில் அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தால் இன்றைய சென்னை எங்கே இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, கோட்டைக்கு வருவோம். இன்று அங்கே மதிலும் இல்லை, கொத்தளமும் இல்லை. ஒரு மேடு, சுற்றி அகழி இருந்த பள்ளம், அதன்மேல் முழுக்கச் சீமைக்கருவேலம். வேலங்காடு என்று பெயர் வாங்கிய ஊரின் கோட்டையைச் சீமையிலிருந்து வந்த வேலமரமே மூடியிருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோய்ப் பக்கத்தில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும், பார்க்க வேண்டியதுதான். தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பதால் அது பிழைத்தது.

கோட்டை போனாலும் கோட்டைக்குப்பம் இருக்கிறது. கோட்டையை ஒட்டி இருந்த மீனவர் ஊர், அதனால் அந்தப் பெயர். அதோடு நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம். எங்கள் பக்கத்தில் இந்த மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். காரணம், பாடு.

வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். ஏரியில் (உப்பங்கழி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்களுக்கு அது ஏரிதான்) இறால் ஓடுகிற இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் நீரோட்டத்தோடு இறால் குவியும். அங்கே சுத்துவலை கட்டினால் நல்ல வரவு. ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த இடமும் பாடு, அந்த முறையும் பாடு. பெயர் தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊரின் குடும்பத் தலைவர்கள் கணக்கில், இருந்தால்தான் சீட்டில் பங்கு. தலைமுறை தலைமுறையாக இந்த உரிமை இந்த மூன்று குப்பத்துக்காரர்களுக்கு. இன்று உனக்கு நல்ல இடம் கிடைத்தால் நாளை எனக்கு. இலங்கையில் மன்னார், முல்லைத்தீவுப் பக்கம் 'கரைவலைப் பாடு' என்பார்களே, அது கடற்கரையில் வலை இழுக்கும் எல்லை. சொல்லும் ஒன்று, கணக்கும் கிட்டத்தட்ட ஒன்று.

அதனால்தான் அங்கே புதிதாக ஒருவரைப் பார்த்தால் 'நீ எந்தக் குப்பம்பா?' என்பது முதல் கேள்வி. விசாரிப்பு மாதிரிதான் இருக்கும், ஆனால் ஏரியில் உனக்குப் பங்கு உண்டா இல்லையா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. பாடு இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதில் மனக்குறை நிறைய. ஏரி எல்லாருக்கும் பொதுதானே, மூன்று ஊருக்கு மட்டும் எதற்குப் பட்டா என்று கேட்பார்கள். பேச்சுவார்த்தை, தகராறு, வழக்கு எல்லாம் நடந்திருக்கின்றன. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதே சமயம், இந்த முறை மட்டும் இல்லையென்றால் ஏரியை எப்போதோ ஒட்ட வழித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டில் இன்னொரு வரிசை: லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், வைரவன்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம். கோரைக்கு விளக்கம் வேண்டாம், புல். அரங்கனும் வைரவனும் சாமிப் பெயர்கள். நான் அதிகம் ரசிப்பது லைட்ஹவுஸ் குப்பத்தைத்தான். விளக்கு வந்தது 1859-இல். அதை வைத்தே குப்பத்தின் பெயர் அமைந்து, பஞ்சாயத்துப் பெயரும் அதுவே ஆகிவிட்டது. கலங்கரை விளக்கக் குப்பம் என்று யாராவது தூய தமிழில் பலகை எழுதி வைத்தால் முதலில் சிரிக்கப்போவது அந்த ஊர்க்காரர்கள்தான். இப்போது பாலம் இருக்கிறது. அம்மாவின் சின்ன வயதில் அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுதான்.

ஏரிக்கு மேற்கே வந்தால் பெயர்களின் வாடையே மாறும். தோணிரேவு: 'ரேவு' தெலுங்கில் துறை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கும்போது சொல் இந்தப் பக்கம் வராமல் இருக்குமா? ஜமீலாபாத் முஸ்லிம் மக்கள் வாழும் இடம். ஓலைப்பெட்டி முடைவதில் பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் கைவேலை பேர்பெற்றது. அவுரிவாக்கத்தில் இருக்கும் அவுரி, நீலச்சாயம் எடுக்கிற செடி. சாயத்துணி ஏற்றுமதியில் பேர்போன துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு ஊர்ப் பெயர் இருப்பது எனக்கு ஆச்சரியம் தரவில்லை.

ஸ்ரீஹரிகோட்டா பற்றியும் கேட்பீர்கள். அந்தத் தீவில் ஒரு காலத்தில் அரைக்கோடி லிங்கங்கள் இருந்தன, அரைக்கோடிதான் ஹரிகோட்டா ஆனது என்று ஒரு கதை உண்டு. இந்தக் கதையை நான் நம்பவில்லை, சொல்லக் கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான். 1971-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகத் தடை வரும், கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது அங்கிருந்த குப்பம் இடம் மாற வேண்டியதாயிற்று. துறைமுகம் அந்த ஊரின் பெயரையே வைத்துக்கொண்டது. பெயர் தெரிந்த பலருக்கு அங்கே ஒரு குப்பம் இருந்தது தெரியாது.

நேரில் போவதாக இருந்தால் பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. காலையிலேயே போய்விடுங்கள், வலை கரைக்கு வரும் நேரம், நண்டும் இறாலும் அப்போதுதான் பார்க்கலாம். அப்புறம் ஒரு எச்சரிக்கை: மேப்பில் வெறுமனே கோட்டைக்குப்பம் என்று தேடாதீர்கள், புதுச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்துக்கு வழி காட்டிவிடும். அது வேறு கோட்டை, வேறு கதை.