மகளின் பிரிட்டன் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. திண்டுக்கல் அருகே ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். சம்பளம் 19,000. பிரிட்டனில் மருத்துவ நிர்வாகமும் பொதுச் சுகாதாரமும் சேர்ந்த எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்கிறாள். நேரடியாகச் சேர்ந்தால் திணறுவாள், முதலில் நான்கு மாதம் ‘ப்ரீ-மாஸ்டர்ஸ்’ படிக்கட்டும் என்று கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். அதற்கு 8,000 பவுண்டு, எம்.எஸ்சி.க்கு 17,000 பவுண்டு. மொத்தம் 45 லட்சம் ஆகுமாம். அடமானம் இல்லாமல் 12.5 சதவீத வட்டியில் நிதி நிறுவனக் கடன் வாங்கித் தருகிறோம், படித்து முடித்து அங்கேயே இரண்டு வருடம் வேலை பார்த்தால் அடைத்துவிடலாம் என்கிறார்கள். வீட்டை வங்கியில் வைத்தால் வட்டி 10 சதவீதம். பி.எஃப்.பில் 18 லட்சம் இருக்கிறது. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எந்தக் கடனை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் மகளின் ஆசையில் தவறே இல்லை. வார்டில் நின்று வேலை பார்த்தவர்கள் நிர்வாகத்துக்கு வந்தால் மருத்துவமனைக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது. ஆனால் கன்சல்டன்சி போட்டுக்கொடுத்த கணக்கு உங்கள் குடும்பம் தாங்கும் கணக்கு இல்லை.

முதலில் அந்த ப்ரீ-மாஸ்டர்ஸ். பட்டப்படிப்பில் மதிப்பெண் குறைந்தவர்கள், ஆங்கிலத் தேர்வில் தேவையான அளவு எடுக்காதவர்கள், வேறு துறையிலிருந்து வருபவர்கள் ஆகியோருக்காக வந்த படிப்பு அது. கட்டுரை எழுதுவது, மேற்கோள் காட்டுவது, குழுவாகச் சேர்ந்து ஆய்வை முன்வைப்பது போன்றவற்றைச் சொல்லித் தருவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் மகளுடையது நான்கு வருடப் பட்டம், அதுவும் சுகாதாரத் துறையிலேயே. இந்தியப் பட்டத்தில் 55, 60 சதவீதம் இருந்தால் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன. மகளின் மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. அவரையே பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்: ‘என் பட்டம் இது, மதிப்பெண் இது, நேரடியாகச் சேர முடியுமா?’ இதைக் கேட்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. கன்சல்டன்சிகளுக்குக் கமிஷன் தருவது கல்வி நிறுவனங்கள்தான். இரண்டு படிப்பில் சேர்த்துவிட்டால் அவர்களுக்கு வருமானமும் கூடலாம். அதனால் இந்தப் பதிலை அவர்கள் வழியாக வாங்காதீர்கள். ஆங்கிலத்தில்தான் குறை என்று பதில் வந்தால், சுமார் 18,000 ரூபாய் கட்டி ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வை இன்னொரு முறை எழுதுவது எவ்வளவோ மலிவு.

சரி, செலவுக்கு வருவோம். ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு வாழ்க்கைச் செலவாக மாதம் 1,171 பவுண்டு, ஒன்பது மாதத்துக்குக் கையில் காட்டச் சொல்கிறது அந்த நாட்டு விசா விதி. அது ஒன்றும் தாராளமான தொகை இல்லை. வாடகையும் சாப்பாடும் போனால் பெரிதாக மிஞ்சாது. நேரடியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணம் 20.4 லட்சம், 12 மாத வாழ்க்கைச் செலவு சுமார் 17 லட்சம். சுகாதாரக் கட்டணம் என்று ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். விசா, விமானம் எல்லாம் சேர்த்தால் 40 லட்சம் வந்துவிடும். ப்ரீ-மாஸ்டர்ஸையும் சேர்த்தால் அதற்கான கட்டணம் 9.6 லட்சம், நான்கு மாதச் செலவு 5.6 லட்சம், ஆக இன்னும் 15 லட்சம். உங்களிடம் சொன்ன 45 லட்சம், உண்மையில் 55 லட்சம்.

45 லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 12.5 சதவீதத்தில் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 47,000 ரூபாய். இப்படிப்பட்ட கடன்களில் படிக்கும்போதே வட்டியை, முழுதாகவோ பாதியாகவோ, கட்டச் சொல்வது வழக்கம். உங்கள் சம்பளத்தில் அது நடக்காது. கட்டாமல் இரண்டு வருடம் விட்டால் கடன் 56 லட்சத்தைத் தாண்டும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க இ.எம்.ஐ. மாதம் 82,000 ரூபாய்.

‘அங்கே வேலை பார்த்து அடைத்துவிடலாம்’ என்பதை நான் நம்பிக் கணக்குப் போட மாட்டேன். படிப்புக்குப் பின் வேலை தேடத் தரும் விசா முதுநிலை மாணவர்களுக்கு இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். இப்போது தயாராகத் தொடங்கும் உங்கள் மகள் அந்த வரிசையில்தான் வருவார். அதன் பிறகும் தங்க வேண்டுமானால் வேலை தருபவர் விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அதற்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாக வேலைக்கு வருபவருக்கு 33,400. முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் வழி 2025 ஜூலையிலேயே மூடப்பட்டுவிட்டது. படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். கைச்செலவுக்கு உதவும், கடனுக்கு உதவாது.

இன்னொன்று. இந்த எம்.எஸ்சி. முடித்தால் அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் பதிவு கிடைத்துவிடாது. அது தனி வழி: இந்தியாவிலேயே எழுதக்கூடிய கணினித் தேர்வு, பிறகு அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. அரசு மருத்துவமனைகள் வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பது முன்பைவிட அங்கே நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் மகளின் மனதில் இருப்பது படிப்பா, வெளிநாட்டு வேலையா என்று உட்கார்ந்து பேசுங்கள். வேலைதான் என்றால், சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் நர்ஸ் பணிகளை விசாரிப்பதுதான் முதல் படி. அதற்கு 40 லட்சம் தேவையில்லை.

படிப்புதான் என்றால், எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு நான் வைக்கும் அளவு இது: ஊருக்குத் திரும்பி வந்து இங்கே வாங்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இ.எம்.ஐ. அடங்க வேண்டும். இங்கே 45,000 ரூபாயில் வேலை கிடைத்தால் 15,000 கட்டலாம். 10 சதவீத வட்டி, 15 வருடத் தவணை என்றால் அது தாங்கும் கடன் 14 லட்சம். 40 லட்சம் வாங்கினால் இ.எம்.ஐ. 43,000, அதாவது முழுச் சம்பளமும் போய்விடும். அப்புறம் கட்டுவது யார்? கடனில் உடன் கையெழுத்துப் போடும் கோ-அப்ளிகன்ட்டான நீங்கள். 58 வயதில் ஓய்வு பெறுவீர்கள், கடன் உங்கள் 70 வயதைத் தாண்டியும் ஓடும். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் இ.பி.எஸ். பென்ஷன் 7,500 ரூபாயைத் தாண்டுவது அபூர்வம். அந்த வயதில் வீடும் அடமானத்தில், பி.எஃப்.பும் காலி என்ற நிலைக்கு உங்களையும் உங்கள் மனைவியையும் கொண்டுபோகும் யோசனையை என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகளின் படிப்புக்காகப் பி.எஃப்.பை எடுக்க விதி இடம் தருகிறது. இருந்தாலும் தொடாதீர்கள்.

14 லட்சத்துக்கும் 40 லட்சத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தை உதவித்தொகைதான் நிரப்ப வேண்டும். அதற்கு உங்கள் மகளிடம் ஏற்கெனவே ஒரு தகுதி இருக்கிறது. பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்பார்கள். முழுநேரமாக இரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு அது நிறைந்துவிடும். கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானம் எல்லாம் அதில் அடக்கம். முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் முடியும். வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்காகவே உள்ள காமன்வெல்த் ஷேர்டு உதவித்தொகையில் சுகாதார அமைப்புகளை வலுப்படுத்துவது ஒரு தனிப் பிரிவு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் வெளிநாட்டுக் கல்வி உதவித் திட்டங்களும் உண்டு. போட்டி கடுமைதான். ஆனாலும் ஒரு வருடம் செலவழித்து முயல வேண்டிய விஷயம் இது.

அந்த ஒரு வருடத்தில் ப்ரீ-மாஸ்டர்ஸின் வேலையை வீட்டிலிருந்தே பெருமளவு முடித்துவிடலாம். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சுகாதார ஆய்வு அடிப்படைகளை ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையதளம் வழியாக இலவசமாக நடத்தியிருக்கிறது. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு 1,000 ரூபாய்தான். பொதுச் சுகாதாரத்தில் வெளிநாட்டு மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் புள்ளியியலிலும் நீளமான கட்டுரைகளிலும்தான். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து, சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிப் பழகட்டும். மருத்துவமனையில் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு அல்லது மருத்துவமனைத் தரச் சான்றான என்ஏபிஎச்சைக் கவனிக்கும் தர மேம்பாட்டுப் பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பார்க்கட்டும். உதவித்தொகை விண்ணப்பத்தில் எழுத அதைவிட நல்ல அனுபவம் கிடைக்காது.

கூடவே இந்தியாவிலும் விண்ணப்பிக்கட்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.எச். உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் மருத்துவமனை நிர்வாகமே தனிப் படிப்பு. இவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தால், அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கப்போகும் மகனின் படிப்பும் பாதிக்காது.

உதவித்தொகை ஓரளவு கிடைத்து மீதிக்குக் கடன் வாங்கும் நிலை வந்தால், அரசு வங்கியில் மகளின் பெயரில் கல்விக் கடனாகவே வாங்குங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை தொடங்காது. கட்டும் வட்டி முழுவதற்கும் எட்டு ஆண்டுகள் வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். விசாவுக்குக் கணக்கில் காட்டும் பணத்தை வட்டிக்கு ஏற்பாடு செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். பொய்யான ஆவணம் என்று முடிவானால் பத்து வருடம்வரை பிரிட்டன் விசா மறுக்கப்படும். கன்சல்டன்சிக்கு இதுவரை முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை என்றால், பல்கலைக்கழகத்தின் பதில் வரும்வரை கொடுக்க வேண்டாம்.