பழைய பைக்கில் துருவேறி இறுகி, தலையும் தேய்ந்துபோன ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது?

முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள். இதைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் பாதித் தலை ஏற்கெனவே போயிருக்கும். மீதியையும் தேய்த்துவிடாதீர்கள், நான் தேய்த்தேன்.

அது அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். பாம்பனில் மீன் எடுத்து உச்சிப்புளி வரைக்கும் விற்கப் போவார். பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி இன்ஜினின் வலப்பக்கக் கவரில் இறங்கும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வேறு பாலத்தில் உப்பை வாரி அடிக்கும். துரு தின்றதால் 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலத்திலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஸ்க்ரூ எந்த மூலைக்கு?

அப்பா போனபிறகு கிளட்ச் பிளேட் மாற்றலாம் என்று கவரைத் திறக்கப் பார்த்தேன். அடியில் இருந்த ஒன்று மட்டும் அசையவில்லை. கவர் அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் அரித்து, வெள்ளையாகப் பூத்து, மரையைக் கவ்விக்கொள்கிறது. அதோடு ஜப்பான் வண்டிகளில் ஸ்க்ரூ தலையில் இருக்கும் ஸ்டார் வெட்டே வேறு. கடையில் வாங்கும் பிலிப்ஸ் நுனி அதில் முழுதாக உட்காராமல் ஏறி வழுக்கும். இது தெரியாமல்தான் தலையைத் தேய்த்தேன். முதலில் போன பட்டறையில் உளி வைத்து அடித்து கவரின் ஓரத்தைச் சில்லாகப் பெயர்த்துவிட்டார்கள். அப்பா கை பட்ட வண்டி, அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

‘ஒரு ஸ்ப்ரே அடித்தால் போதுமே’ என்று எழுத வருபவர்களுக்கு: மூன்று நாள் அடித்தேன், வரவில்லை. உங்களுக்கு வந்திருந்தால் சந்தோஷம்.

கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறை அண்ணன்தான் வழி சொன்னார். “இறுக்கிப் பிடிக்கிறதே தலைதான் தம்பி, அதை எடுத்துடுவோம்.” நடுவில் புள்ளி குத்தி, ஸ்க்ரூவின் தண்டு கனத்துக்கு டிரில் போட்டதும் தலை தனியாக வந்துவிட்டது. மற்ற ஸ்க்ரூக்களையும் கழற்றி கவரைத் தூக்கினால் தண்டு மட்டும் விரல் நீளம் நின்றது. சுற்றிலும் சூடு காட்டினார். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி தளரும். சூட்டோடு கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பினார், வந்துவிட்டது. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வைத்து, கியர் ஆயிலையும் வடித்துவிட்டுத்தான் தீயைக் கிட்டே கொண்டுபோனார். தயவுசெய்து நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்என்கீ (ஆலன் கீ) போல்ட், அதாவது தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட் போடுங்கள், மரையில் கிரீஸ் தடவாமல் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் துருப்பிடிக்காது, சரி. ஆனால் உப்புக் காற்றில் கிரீஸ் இல்லாமல் ஏற்றினால் பக்கத்து அலுமினியத்தை அரிக்கவிடும்.

அப்புறம், கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் தம்பி தன் வண்டியை மதுரையில் விற்கப் போனான். டிஎன் 65 என்ற ராமநாதபுரம் நம்பரைப் பார்த்ததுமே ‘கடற்கரை வண்டியா’ என்று பாதி விலை கேட்டார்கள். வாரம் தவறாமல் நல்ல தண்ணீரில் கழுவி, அடியில் டீசல் தடவி வைத்திருந்த வண்டி அது. கிக்கரை ஒரு உதை உதைத்துக்கூடப் பார்க்கவில்லை.