எம்.எஸ்.பாஸ்கரும் முகம் காட்டாத குரல்களும்: வாசகர் கேள்வி பதில்

குணச்சித்திர நடிகர்களைப் பற்றிப் போன இதழில் எழுதியதற்கு சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (அம்மாபேட்டை வாசகி): 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ்.பாஸ்கருக்குத் தேசிய விருது கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் என் மாமியாருக்கு அவர் இன்னும் 'பட்டாபி'தான். காமெடி பண்ணிக்கொண்டிருந்தவர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் தப்பே இல்லை. சன் டிவியில் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' ஓடிய நாட்களில் தமிழ்நாடு முழுக்க அவருக்கு அதுதான் பெயர். ஆனால் அவர் காமெடியிலிருந்து திடீரென்று ஒரு நாள் குணச்சித்திரத்துக்குத் தாவியவர் இல்லை. முத்துப்பேட்டையைத் தன் இனிஷியலில் வைத்திருக்கும் மனிதர், 1987-ல் விசுவின் 'திருமதி ஒரு வெகுமதி'யில் தலைகாட்டியவர், அதற்கப்புறம் சினிமாவில் ஊரறிந்த முகமாவதற்கு எத்தனையோ வருடம் ஆனது. அந்த இடைப்பட்ட காலத்தில் அவர் டப்பிங் தியேட்டரில் இருட்டில் நின்று மற்றவர்களின் உதட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால் அவர் நடிப்பு படித்தது அங்கேதான் என்பேன். அடுத்தவன் எங்கே மூச்சு விடுகிறான், கோபம் வரும்போது எந்த வார்த்தையில் அழுத்தம் விழுகிறது, பொய் சொல்லும்போது குரல் எப்படி ஒரு நூல் மேலே ஏறுகிறது என்று நாளெல்லாம் பார்த்துப் பார்த்துப் பேசியவனுக்குத் தன் சொந்தக் காட்சி வரும்போது கைவசம் எவ்வளவு இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

2007-ல் வந்த ராதாமோகனின் 'மொழி'யை மறுபடி ஒருமுறை பாருங்கள். மகன் செத்துப்போன 1984-லேயே காலம் நின்றுவிட்ட ஒரு பேராசிரியர். பார்ப்பவரிடமெல்லாம் அந்த வருடத்துச் செய்தியையே பேசுகிறார், நாமும் சிரிக்கிறோம். அப்புறம் உண்மையைச் சொல்லி அவரை அழவைக்கும் இடம் வருகிறது. இத்தனை நேரம் நம்மைச் சிரிக்க வைத்த அதே குரல்தான், அதே ஆள்தான், வேறு யாரோ வந்து நடித்த மாதிரி இல்லை, அதனால்தான் சிரித்த நமக்கே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அழுகையில் குரல் உடையும்போதுகூட ஒரு எழுத்தும் விழுங்கப்படாமல் நம் காதுக்கு வந்து சேர்கிறதே, அது டப்பிங் கொடுத்த பழக்கம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

'பார்க்கிங்'கில் அவருக்கு இளம்பரிதி என்று பெயர். லஞ்சம் வாங்காத அரசு அதிகாரி, வயதுக்குரிய மரியாதையை எதிர்பார்ப்பவர். ஒரே வீட்டில் குடியிருக்கும் இன்னொருவனோடு காரை எங்கே நிறுத்துவது என்று ஆரம்பிக்கிற சண்டை எங்கேயோ போய் நிற்கிறது. அவரை வில்லன் என்று தள்ளிவிட முடியவில்லை, நல்லவர் என்று சேர்த்துக்கொள்ளவும் முடியவில்லை. நம் தெருவிலேயே இப்படி ஒருவர் இருப்பார். படம் வந்தது 2023-ல், 71-வது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருதை மலையாளத்தின் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார், அறிவிப்பு வந்தது 2025 ஆகஸ்ட்டில். 1987-லிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு தாமதமாகக் கொடுத்ததில் எனக்கு வருத்தம்தான், கொடுத்தார்களே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிது.

கேள்வி (ஆத்தூர் வாசகர்): தெலுங்கு டப்பிங் படங்களில் பிரம்மானந்தத்துக்குப் பேசுவது எம்.எஸ்.பாஸ்கர் என்கிறார்கள். உண்மையா? டப்பிங் என்றால் மிமிக்ரி மாதிரிதானே?

பதில்: உண்மைதான், நிறையப் படங்களில் பிரம்மானந்தத்துக்குத் தமிழில் அவர்தான் பேசியிருக்கிறார். ஆனால் அது மிமிக்ரி கிடையாது. மிமிக்ரியில் நீங்கள் ஒருவரின் குரலைப் பிடிக்க வேண்டும். டப்பிங்கில் குரலை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்க வேண்டும். பிரம்மானந்தத்தின் தெலுங்குக் குரல் வேறு, பாஸ்கரின் குரல் வேறு, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாருக்கும் தெரியும். இருந்தும் படம் பார்க்கும்போது நமக்கு அது அவர் வாயிலிருந்தே வருவதாகத்தான் தோன்றுகிறது.

வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். சத்தம் புகாத அறை, எதிரே திரை, ஒரு மைக், காதில் ஹெட்போன். ஹெட்போனில் படப்பிடிப்பில் பதிவான பேச்சு, அதாவது பைலட் ட்ராக், ஓடும். ஒரு வசனத்தை இரண்டு மூன்று தடவை ஓட்டிக் கேட்டுவிட்டு, எழுதிய காகிதத்தையும் திரையில் இருக்கும் உதட்டையும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். உதடு மூடும் இடத்தில் ப, ம வரிசை எழுத்து ஒன்று வந்து விழ வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவனுக்கு என்ன தப்பு என்று தெரியாமலே ஏதோ இடிக்கும். வேறு மொழிப் படமென்றால் அதற்கேற்ற மாதிரி வசனம் எழுதிக் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருப்பார், அப்படியும் மைக் முன்னால் நின்றபடியே வார்த்தையை மாற்றிக்கொள்கிற திறமை பேசுபவருக்கு வேண்டும். ஓடி வந்து பேசுகிறவனுக்கு இரைக்க வேண்டும், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறவனுக்கு வாயில் சோறு இருக்க வேண்டும், அறையில் ஓட்டமும் கிடையாது சோறும் கிடையாது. முன்பெல்லாம் ஒரு காட்சியில் வரும் எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசுவார்கள், ஒருவர் தடுமாறினால் எல்லாரும் முதலிலிருந்து பேச வேண்டும். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து தன் ட்ராக்கைப் பேசிவிட்டுப் போய்விடலாம். வசதிதான். ஆனால் எதிரே ஆள் இல்லாமல் சண்டை போடுவதும் கொஞ்சுவதும் இன்னொரு கஷ்டம்.

பாஸ்கர் வீட்டில் இது குடும்பத் தொழில் மாதிரியே ஆகிவிட்டது. அவருடைய அக்கா ஹேமமாலினியும் மகள் ஐஸ்வர்யாவும் டப்பிங் கலைஞர்கள். '96' படத்தில் சின்ன வயது ராமாக வந்த ஆதித்யா அவருடைய மகன்.

கேள்வி (ஓமலூர் வாசகர்): பெரிய ஹீரோ யாராவது அடுத்தவருக்குக் குரல் கொடுத்திருக்கிறார்களா?

பதில்: விக்ரம். 'காதலன்' பிரபுதேவாவுக்கும் 'அமராவதி' அஜித்துக்கும் பேசியது அவர்தான். 'பம்பாய்' மனிஷா கொய்ராலாவுக்கு நடிகை ரோகிணி. மோகன் படங்களை மறக்கவே முடியாது, 'மைக்' பிடித்துப் பாடியவரும் நமக்குத் தெரியும், பாட்டுக்கு எஸ்.பி.பி. என்பதும் தெரியும், பேசிய எஸ்.என்.சுரேந்தர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேள்வி (கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு பெரியவர்): மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்தில் நடிகர்களெல்லாம் சொந்தக் குரலில்தானே பேசினார்கள்? இப்போது ஏன் இரவல் குரல்?

பதில்: ஐயா, ஏற்காடு ரோட்டில் அந்த வளைவு மட்டும் நிற்கிற இடத்தை தினமும் கடந்து போகிறவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1937-ல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூறு படத்துக்கு மேல் எடுத்த டி.ஆர்.சுந்தரத்தின் ஸ்டுடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'கூட நம் சேலத்துத் தயாரிப்புதான் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவு செய்தார்கள், அதனால் நடிக்க வருகிறவனுக்குக் குரல் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள், ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசிப் பழகியவர்கள். இங்கே எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்தது, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், அதில் கொள்ளைக் கூட்டத் தலைவனாக வந்த பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பை ஒரு தடவை கேட்டவர்கள் மறப்பார்களா? நம் ராசிபுரத்துக்காரர் ஆர்.எஸ்.மனோகர் சினிமாவில் வில்லனாக அடி வாங்கிக்கொண்டே இன்னொரு பக்கம் சொந்த நாடகக் குழு வைத்து இலங்கேஸ்வரனாக மேடையில் முழங்கினார். அந்தக் குரல்களின் மேல் உங்களுக்கிருக்கும் பிரியம் எனக்கும் உண்டு.

ஆனால் 'இரவல்' என்று சொல்லாதீர்கள் ஐயா. கன்னடத்தில் எடுத்த 'அரிச்சந்திரா'வை 1944-லேயே ஏ.வி.எம். தமிழில் டப் செய்து வெளியிட்டுவிட்டது, எனவே இது நேற்று முளைத்த பழக்கமும் இல்லை. தமிழ் பேசத் தெரியாதவர்களைக் கதாநாயகியாகப் போடுவது பற்றி உங்களுக்கு வருத்தம் இருந்தால், அந்த வருத்தத்தை முதலாளிகளிடம் சொல்ல வேண்டும். குரல் கொடுத்துப் படத்தைக் காப்பாற்றுகிறவர் மேல் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி (குகை வாசகர்): டெல்லி கணேஷ், எம்.எஸ்.பாஸ்கர், இருவரில் உங்களுக்கு யார்?

பதில்: இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாக 'இருவரும் இரு கண்கள்' என்று பதில் வரும். நான் டெல்லி கணேஷ் என்றே சொல்கிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். விமானப்படையில் பத்து வருடம் வேலை பார்த்து, டெல்லியில் நாடகம் போட்டு, 1977-ல் பாலசந்தரின் 'பட்டினப் பிரவேச'த்தில் அறிமுகமாகி, 400 படங்களுக்கு மேல் நடித்தவர். 'பசி'யில் சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாக்காரர், 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டு மணி ஐயர், இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் தெரியும், வேஷம் மாறியதைவிடப் பேச்சு மாறியதுதான் பெரிது. ஒவ்வொரு ஊர்ப் பேச்சுக்கும் ஒரு நடை இருக்கிறது, எந்த இடத்தில் இழுப்பார்கள், எந்த இடத்தில் விழுங்குவார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தான் வரும். அவரும் டப்பிங் பேசியவர்தான், '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்கு அவர் குரல். 2024 நவம்பர் 9-ம் தேதி 80 வயதில் காலமானார். தேசிய விருது எதுவும் அவர் கைக்கு வராமலே போய்விட்டது, அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி (சூரமங்கலம் வாசகி): ஏஐ வந்துவிட்டது. இனி டப்பிங் கலைஞர்கள் எதற்கு?

பதில்: 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரகுமான் ஏஐ வழியாகக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அது குறைந்தபட்ச நியாயம். என் பயம் அதைச் செய்யாதவர்களைப் பற்றியது. உயிரோடு இருக்கிற, பெயர் வெளியே தெரியாத ஒரு டப்பிங் கலைஞரின் குரலை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினால் யார் கேட்பது? பாட்டுக்காவது பாடகர் பெயரைப் போடும் வழக்கம் இருக்கிறது. தமிழக அரசின் விருதுகளில் பின்னணிக் குரலுக்கு ஆண், பெண் இருவருக்கும் இடம் உண்டு, தேசிய விருதில் திரைப்படங்களுக்கான பிரிவில் பின்னணிப் பாடகருக்கு இருக்கிறது, டப்பிங் குரலுக்கு இல்லை. பெயரும் உரிமையும் முதலில் வரட்டும், மெஷின் அப்புறம் வரட்டும்.

கேள்வி (ஏற்காட்டிலிருந்து பிளஸ் டூ மாணவர்): நான் நன்றாக மிமிக்ரி செய்வேன். டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஆக என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் ரஜினி, விஜய் குரலையெல்லாம் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வை. அவர்களுக்கு அவர்களே பேசிக்கொள்வார்கள். உனக்கு வேலை கிடைக்கப்போவது பெயர் இல்லாத பாத்திரங்களில்: போலீஸ்காரர், டீக்கடைக்காரர், கூட்டத்தில் கத்துகிற நாலாவது ஆள். அந்தக் குரல்களெல்லாம் உன் ஊரிலேயே இருக்கின்றன. சேலத்திலிருந்து மலை ஏறுகிற பஸ்ஸில் கண்டக்டர் இருபது கொண்டை ஊசி வளைவிலும் எப்படிப் பேசிக்கொண்டே வருகிறார் என்று கவனி, காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் ஒருவரை ஒருவர் சரிவின் மேலிருந்து கூப்பிடுவதைக் கேள், சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்கள் பேசும் தமிழுக்கென்று ஒரு ராகம் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து மரியாதையாகக் கேள். கேலிக்காகக் கற்றுக்கொள்ளாதே.

தினமும் பேப்பரைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய். ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா, வாக்கியத்தின் கடைசியில் மூச்சு தீர்ந்து குரல் இறங்கிவிடுகிறதா என்று பார். ஏதாவது ஒரு படத்தின் சின்னக் காட்சியை எடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு, உதட்டைப் பார்த்துப் பேசு. முதலில் கஷ்டமாக இருக்கும், விடாதே. பள்ளி நாடகம் எதுவாக இருந்தாலும் போய்ச் சேர்ந்துகொள், வசனத்தை மனசில் ஏற்றிப் பேசுகிற பழக்கம் அங்கேதான் வரும்.

தொழிலுக்குச் சென்னைதான் போக வேண்டும், அங்கே டப்பிங் கலைஞர்களுக்கு யூனியன் இருக்கிறது, உறுப்பினர் ஆவதற்கான விதிகளை அலுவலகத்திலேயே நேரில் கேட்டுத் தெரிந்துகொள். சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று நடுவில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதே. வருமானம் ஆரம்பத்தில் சீராக இருக்காது, அதனால் பிளஸ் டூவை ஒழுங்காக முடி, ஒரு டிகிரியும் படி. அப்புறம் உன் குரலைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்பு, கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.