இளைஞர் குழுவுக்கு எதற்குக் கணக்குப் புத்தகம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் இருந்து எழுதுகிறேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் ரோஷ் புவாவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவப் போவேன். அங்கே வரும் பிள்ளைகளில் பாதிப்பேர், இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள்.

சென்ற ஆண்டு நாங்கள் ஓர் இளைஞர் ஆலோசனைக் குழு அமைத்தோம். 17 வயது முதல் 25 வரை, மொத்தம் பன்னிரண்டு பேர். பயிற்சி, கல்வி உதவி, வீட்டுப் பழுது என்று நாங்கள் செய்யும் வேலைகளை அவர்களே வழிநடத்த வேண்டும் என்பது எண்ணம். முதல் கூட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். இப்போது நான்கு பேர்தான் வருகிறார்கள். பணம் தரும் அமைப்போ ஒவ்வொரு அறிக்கையிலும் இளைஞர் குரலுக்கென்று ஒரு பக்கம் கேட்கிறது. அந்தப் பக்கத்துக்காகத்தான் படம் எடுக்கிறோமோ என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பெரியவர்களுக்கும் வருத்தம். "தீவையே பார்க்காத பிள்ளைக்கு என்ன தெரியும்? கப்பலில் வந்து இறங்கியது நாங்கள்" என்று ஒரு பாட்டி முகத்துக்கு நேரே கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இங்கேயே பிறந்தவர்களை அகதிகள் என்று சொல்லலாமா என்று இன்னொருவர் கேட்டார். தமிழ்ப் பெண்ணான எனக்கு இதில் என்ன வேலை என்றும் சில நேரம் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

– ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசிக் கேள்வி சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். 1975இல் லண்டனில் பிரிட்டிஷ் அரசின் மேல் வழக்குப் போட்ட சாகோஸ்காரரின் பெயர் மிஷேல் வெங்கடசென். சொல்லிப் பாருங்கள், நம் வெங்கடேசன் எட்டிப் பார்ப்பார். அந்தத் தீவுகளின் தென்னந்தோப்புகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பின்னாளில் இந்தியக் கூலிகளும் அவர்களோடு கலந்தார்கள். அப்படி ஓர் உறவு இல்லாவிட்டாலும் நீங்கள் போகலாம், அது வேறு விஷயம்.

அகதி என்ற பெயர் பற்றி: சட்டம் படித்தவர்கள் வாதாடிக்கொண்டே இருக்கட்டும். 1983இல் அவர்கள் தொடங்கிய அமைப்புக்கு அவர்களே வைத்த பெயர் சாகோஸ் அகதிகள் குழு. எனக்கு அது போதும்.

விவரம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். 1965இல், மொரீஷியஸ் விடுதலை அடைய மூன்றாண்டு இருக்கும்போது, பிரிட்டன் சாகோஸ் தீவுக்கூட்டத்தைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. அதில் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் வருவதற்காக 1968 முதல் 1973 வரை அங்கே வாழ்ந்தவர்கள் எல்லாரும் வெளியேற்றப்பட்டு, இங்கேயும் சேஷெல்சிலும் இறக்கிவிடப்பட்டார்கள். ஏறத்தாழ 1,500 பேர். சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அந்தப் பிரிவினை முறையாக நடக்கவில்லை என்று கருத்துச் சொன்னது. 2025 மே 22 அன்று இரு நாடுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இறையாண்மை மொரீஷியசுக்கு, டியேகோ கார்சியா 99 ஆண்டுக்கு பிரிட்டன் பொறுப்பில், மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீஷியஸ் ஏற்பாடு செய்யலாம், சாகோஸ் மக்களுக்கென்று 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி. ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது இது. லண்டன் அரசியலில் அது படும் பாடு தனிக்கதை.

சரி, பாட்டிக்கு வருவோம். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சாகோஸைச் சேர்ந்த பெரோஸ் பான்யோஸ் தீவுகளில் எந்தக் கரையில் படகை ஒதுக்கலாம், கிணறு எங்கே இருந்தது, யார் யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அகதிகள் குழுவை 1983இல் தொடங்கிய மூவரில் ஷார்லேசியா அலெக்சிசும் லிசெத் தலாத்தும் வயதில் மூத்த பெண்கள். மூன்றாமவர் ஒலிவியே பான்கூல்ட். நான்கு வயதில் இங்கே வந்தவர், குழு தொடங்கும்போது அவருக்கு இருபதுகூட நிரம்பியிருக்காது. தீவைப் பற்றி அவருக்கும் பெரிதாக நினைவு இருந்திருக்க வழியில்லை. அவர் பெயரில் போட்ட வழக்கில்தான் 2000 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தலைமுறைப் பெண்கள் ஓர் இளைஞனை வாசலில் நிறுத்தாமல் உள்ளே உட்காரவைத்தார்கள். பாட்டியிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். "அன்றைக்கு எப்படி நடந்தது, பிள்ளைகளிடம் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது ஆலோசனைக் குழு என்ற பெயர்தான். ஆலோசனை சொல்வார்கள், முடிவு வேறு யாரோ எடுப்பார்கள். சாகோஸ் மக்களுக்கு இந்த ஏற்பாடு புதிதே இல்லை. 1972இல் பிரிட்டன் அவர்களுக்காக 6.5 லட்சம் பவுண்டு நம் அரசிடம் கொடுத்தது. மக்கள் கைக்கு அது 1977, 78 வாக்கில்தான் வந்தது. அதற்குள் விலைவாசி ஏறி, கடனும் ஏறி, பலர் வாங்கிய பணம் அப்படியே கடன்காரரிடம் போனது. 1982இல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு. இந்த முறை பணத்தைப் பங்கிடும் வாரியத்தில் தீவு மக்களின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். இன்றைய அறிக்கை எழுதுபவர்கள் கண்டால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஆனால் பணம் வாங்க வந்தவர்கள் முன்னால் ஒரு படிவம் வைக்கப்பட்டது. ஆங்கிலத்தில், வக்கீல்கள் எழுதும் நடையில். வந்தவர்கள் பேசியது கிரியோல், அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். தீவுக்குத் திரும்பும் உரிமையைக் கைவிடுகிறோம் என்பதுதான் அதன் சாரம். அது தெரியாமல்தான் வைத்தோம் என்று பலர் பின்னாளில் சொன்னார்கள். நாற்காலி இருந்தது, காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை.

கேட்டுவிட்டுக் கைவிட்டதும் உண்டு. 2015இல் கேபிஎம்ஜி என்ற ஆலோசனை நிறுவனம் பிரிட்டனுக்காக ஓர் ஆய்வு செய்தது. 150 பேர், 500 பேர், 1,500 பேர் என்று மூன்று அளவில் மக்களைத் திரும்பக் குடியமர்த்தினால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. மக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். 2016 நவம்பரில் குடியேற்றம் கிடையாது, அதற்குப் பதிலாகப் பத்தாண்டில் 4 கோடி பவுண்டு உதவி என்று பிரிட்டன் அறிவித்தது. (புது ஒப்பந்தத்தில் வரும் 4 கோடி வேறு, இது வேறு.) அந்தப் பணத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்த வீட்டுப் பையன் உங்கள் மூன்றாவது கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

உலக அளவிலும் இதே தடுமாற்றம்தான். ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப்புக்காகப் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஆட்டிவைப்பது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்குச் சேர்ப்பது என்ற கீழ் மூன்று படிகளும் பங்கேற்பே ஆகாது என்றார். ஐநா அகதிகள் அமைப்பு 2015, 16இல் பல நாடுகளில் அகதி இளைஞர்களைக் கூட்டிப் பேசியது, அவர்களை ஏற்றுக்கொண்ட ஊர்களின் இளைஞர்களும் கூடவே உட்கார்ந்தார்கள். 2017இல் உலக இளைஞர் ஆலோசனை மன்றம் ஒன்றையும் அமைத்தது. நல்ல காரியங்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜெனீவாவில் பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தைவிட, ரோஷ் புவாவில் ஐயாயிரம் ரூபாயை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது ஓர் இளைஞனுக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் கணிப்பு.

நம் கோயில் சொசைட்டிகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் இளைஞர் அணி உண்டு. காவடி அன்று வெயிலில் நின்று கார்களை ஒழுங்குபடுத்துவதும், வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறுவதும் அவர்கள்தான். கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் காண்ட்ராக்ட் யாருக்கு என்று பேசும் அறைக்குள் அவர்கள் டீ கொண்டுபோகலாம், அவ்வளவுதான். அப்புறம் தலைவர் மைக்கைப் பிடித்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோயில் பக்கமே வருவதில்லை என்று வருந்துவார்.

ஆகவே நீங்கள் பெயரை மாற்ற வேண்டாம், ஒரு தொகையை ஒதுக்குங்கள். பெரிய தொகை வேண்டியதில்லை, ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும். அதை எதற்குச் செலவிடுவது என்பது குழுவின் முடிவு. உங்கள் நிர்வாகிகளுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றக்கூடாது. படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பயிற்சிதான் வேண்டும் என்பார்கள் என்று நாம் நினைப்போம், அவர்கள் ஃபுட்பால் மைதானத்துக்கு விளக்குக் கேட்கலாம். கொடுங்கள். கணக்கை அவர்களே எழுதட்டும், பில் தொலைந்தால் அவர்களே தேடட்டும்.

இன்னொன்று, எப்போது கேட்கிறீர்கள் என்பது. விண்ணப்பம் எழுதி, பணம் வந்து, வேலை முடிவான பிறகு குழுவைக் கூட்டினால் அவர்கள் செய்யக்கூடியது தலையாட்டுவது மட்டும்தான். விண்ணப்பம் வெள்ளைத்தாளாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். பணம் தருபவர்கள் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள், நிர்வாகச் செலவு எவ்வளவு, உங்கள் மேலாளர் சம்பளம் எவ்வளவு, எல்லாம் மேசைமேல் இருக்கட்டும். சங்கடமாகத்தான் இருக்கும்.

பஸ் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005 முதல் இங்கே மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் இலவசம். படிப்பை விட்டுவிட்ட 19 வயதுப் பையனுக்கு இல்லை. கூட்டத்துக்கு வரும் பாட்டிக்குச் செலவில்லை, வேலை தேடும் பேரன்தான் டிக்கெட் எடுக்கிறான். அவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தால் அந்தக் கூலியைக் கொடுங்கள். ஆலோசகர் என்று வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு நாள்கணக்கில் கொடுக்கிறோம், இவனுக்குக் கொடுத்தால் மட்டும் ஏன் சேவை மனப்பான்மை கெட்டுவிடுகிறது? பெண் பிள்ளைகள் எந்த நேரத்தில் வர முடியும் என்று அவர்களிடமே கேளுங்கள். நல்ல பிரெஞ்சு பேசும் ஒரே பையனை ஒவ்வொரு மாநாட்டுக்கும் அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பாவம், அவனுக்கும் அலுத்திருக்கும்.

பன்னிரண்டு பேரில் சிலர் இங்கிலாந்துக்கே போயிருக்கவும் கூடும். 2022இல் வந்த சட்டப்படி சாகோஸில் பிறந்தவர்களின் நேர்வழி வாரிசுகள் பிரிட்டிஷ் குடியுரிமை கேட்கலாம். அந்த ஆண்டு நவம்பரில் திறந்த கதவு பெரியவர்களுக்கு ஐந்தாண்டு மட்டுமே திறந்திருக்கும். அதனால் அவசரம். சாகோஸ் மக்கள் நிறையப் பேர் வாழும் இங்கிலாந்து ஊரான க்ராலியில் இறங்கியதோடு அவர்களைப் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் கூட்டம் வைத்தால் மூன்று, நான்கு மணி நேர வித்தியாசம்தான். இரண்டு நாட்டு வாழ்க்கையும் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருப்பது நல்லது.

கடினமான பகுதி ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரியவர்களும் இளையவர்களும் வேறு வேறு விஷயம் கேட்பார்கள். நிதி வந்தால் பாட்டி கல்லறைகளைப் பார்த்துவரக் கப்பல் கேட்பார். (2006இல் ஏறத்தாழ நூறு பேர் அப்படி ஒருமுறை போய்வந்தார்கள்.) பேத்தி நர்சிங் படிக்கக் கட்டணம் கேட்பாள். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒருமித்த கருத்து வரட்டும் என்று காத்திருந்தால், மரியாதைக்காகப் பேத்தி வாயை மூடிக்கொள்வாள், நாமும் ஒருமனதாக முடிவானது என்று எழுதிவிடுவோம். நான் பிரித்துவிடுவேன். கல்லறை, நினைவு, பயணம் இவற்றில் பெரியவர்கள் சொல்வதே முடிவு. படிப்பு, பயிற்சி, வீடு, நாளைக்குத் தீவில் யார் எப்படி வாழ்வது என்பதில் இளையவர்கள் சொல்வதே முடிவு. 99 ஆண்டுக் குத்தகையின் கீழ் வாழப்போவது அவர்கள்தானே. இதில் அநியாயம் இருக்கிறது என்று பாட்டி சொன்னால் சண்டை போடட்டும், குழுவும் பதில் சொல்லட்டும். அந்தச் சண்டைக்கு நடுவில் நீங்கள் போகாதீர்கள்.

அடுத்த விண்ணப்பத்துக்கு எப்போது உட்காருகிறீர்கள்? அதற்கு முன் ஒப்பந்தத்தில் அறக்கட்டளை நிதி பற்றி வரும் பகுதியைக் குழுவுக்குக் கிரியோலில் வரிவரியாகப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். சட்டம் படித்த நண்பர் ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், நானும் வருகிறேன். சனிக்கிழமை காலை மட்டும் வேண்டாம், அந்த வயதுப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்போது கடையில் வேலைக்கு நிற்பார்கள்.