நிலக்கரிச் சுரங்கச் சோதனை வேலைக்கு மகள் போகலாமா?

பினாங்கிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதிய மகள், சுரங்கங்களில் சுற்றுச்சூழல் சோதனை செய்யும் வேலைதான் வேண்டும் என்கிறாள். நிலக்கரிக்கே எதிர்காலம் இல்லை என்கிறார்கள். பெண் பிள்ளையை அந்தப் புழுதிக்குள் அனுப்பலாமா?

அம்மா, முதலில் வேலை எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். சுரங்கம் என்றதும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூமிக்குள் இறங்குவதுதான் மனத்தில் வரும். சிலாங்கூரில் பத்து ஆராங் அப்படித்தான் இருந்தது. அது 1960-லேயே மூடப்பட்டது. இன்று மலேசியாவில் நிலக்கரி எடுப்பது சரவாக்கில், முக்கா, பாலிங்கியான், மெரிட் பிலா பக்கம். பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கங்கள். சோதனைக்குப் போகிறவர் அதிக நேரம் நிற்பது தண்ணீர்க் குளங்களின் கரையில்தான்.

காரணம் இருக்கிறது. நிலக்கரியோடு வரும் பாறையில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் உண்டு. காற்றும் மழையும் பட்டால் அது அமிலமாகிறது. அந்த அமிலம் இரும்பையும் மாங்கனீசையும் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. ஓடைக்கல் ஆரஞ்சு நிறத்தில் படிந்திருந்தால் அதுதான் அடையாளம். இதைத் தடுக்கச் சுண்ணாம்பு போடுகிறார்கள். இரும்பு சீக்கிரம் படிந்துவிடும். மாங்கனீசு படிய பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை) இன்னும் நன்றாக ஏற வேண்டும். அதற்காகச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினால் வெளியேறும் நீரின் பி.எச். 9-ஐத் தாண்டி, காரப் பக்கத்தில் விதி மீறுகிறது. இந்த இழுபறியைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு வேதியியல் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் இந்த வேலை வேண்டாம்.

சுரங்க நீரைத் தேக்கி மண்ணை அடியில் தங்கவைக்கும் குளத்தில் பார்க்க வேண்டியது வேறு. அடியில் சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கம்பை விட்டு அளக்க வேண்டும். சேறு நிறைந்தால் தண்ணீர் தங்கும் நேரம் குறைந்து, மண் படியாமலே வெளியேறும். நுழைவாயும் வெளிவாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இதேதான். வெயில் நாளில் போனால் எல்லாக் குளமும் நன்றாகத்தான் தெரியும்; பெருமழைக்கு மறுநாள் போக வேண்டும். அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இயங்கும் சுரங்கத்துக்குச் சராசரியாக மாதம் ஒரு பகுதிச் சோதனை, காலாண்டுக்கு ஒரு முழுச் சோதனை என்று வைத்து, முன்னறிவிப்பும் கூடாது என்றது. நியாயமான ஏற்பாடு.

மாதிரி எடுப்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். பி.எச்.-ஐ அங்கேயே, அன்று சரிபார்த்த கருவியில் அளக்க வேண்டும். உலோகம் பார்க்கும் புட்டியில் நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவருவார்கள். மண் துகள் பார்க்கும் புட்டியில் அமிலம் கூடாது. கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமானால் வடிகட்டிய பிறகே அமிலம். முதலில் அமிலம் விட்டால் மண்ணோடு ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, அளவு பொய்யாகக் கூடிவிடும். பிறகு ஐஸ் பெட்டி, கைமாறும் ஒவ்வொருவர் கையெழுத்தும் உள்ள படிவம். அந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் வழக்கு நிற்காமல் போகலாம்.

எந்த எண்ணையும் மனப்பாடமாக நம்பக்கூடாது. இந்தோனேசியாவின் 2003-ஆம் ஆண்டு விதி நிலக்கரிச் சுரங்க நீரில் மண் துகள் லிட்டருக்கு 400 மில்லிகிராம் வரை அனுமதித்தது. அமெரிக்காவில் நாள் உச்சமே 70, முப்பது நாள் சராசரி 35. போகும் இடத்தின் அனுமதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அளவு.

மீதி நேரம் காகிதம், அதாவது சுரங்கத்தார் வைத்திருக்கும் பதிவுகள். மாதாமாதம் ஒரே எண் வந்தால் சந்தேகம் வர வேண்டும். வாங்கிய சுண்ணாம்பின் ரசீது, சுத்திகரித்ததாகச் சொல்லும் நீரின் அளவுக்குப் பொருந்துகிறதா? பட்டறையில் பழைய எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305, ஈய பேட்டரி எஸ்.டபிள்யூ. 102 என்று அபாயக் கழிவுக் குறியீடு எழுதிய ஒட்டுத்தாளோடு இருக்கிறதா? மலேசிய விதிப்படி இத்தகைய கழிவை 180 நாளுக்கு மேலோ 20 மெட்ரிக் டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். நிபோங் தெபாலில் உள்ள யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் கனிம வளப் பொறியியல் இருக்கிறது. பினாங்குத் தீவில் உள்ள அதன் முதன்மை வளாகத்தில் சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முன் படிப்பது படிவம் ஆறோ மெட்ரிகுலேசனோ, வேதியியலையும் கணிதத்தையும் விடக்கூடாது. பட்டத்துக்குப் பின், சுற்றுச்சூழல் துறையின் எய்மாஸ் கழகம் பாங்கியில் நடத்தும் கழிவுநீர், அபாயக் கழிவுச் சான்றிதழ்கள் தனியார் வேலைக்கு மிகவும் கைகொடுக்கும். அரசு வேலை ஆசை இருந்தால் எஸ்.பி.எம். மலாய் மொழியில் கிரெடிட் கட்டாயம். அது இல்லாமல் நல்ல பட்டதாரிப் பிள்ளைகள் நம் சமூகத்தில் வாசலிலேயே நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அறிக்கையையும் மலாயிலேயே எழுத வேண்டியிருக்கும், இப்போதே பழக்குங்கள்.

நிலக்கரி பற்றிய உங்கள் பயம் நியாயமானது. புதிய நிலக்கரி மின் நிலையம் கட்டுவதில்லை என்று அரசு சொல்லிவிட்டது. சரவாக் சுரங்கங்களோ சில, அங்கே வேலை செய்ய தீபகற்பத்தவருக்குத் தனி வேலை அனுமதியும் வேண்டும். அதனால் நிலக்கரியை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். குளம், மாதிரி, காகிதம் என்ற இந்தத் திறமை கல் குவாரியிலும் செம்பனை ஆலையிலும் குப்பைக் கிடங்கிலும் பிறை தொழிற்பேட்டையிலும் அப்படியே செல்லும். மூடப்படும் சுரங்கத்துக்கும் பல ஆண்டு கண்காணிப்பு தேவை, ஏனென்றால் பைரைட் சுரங்கத்தோடு ஓய்வு பெறுவதில்லை.

பெண் பிள்ளை என்பதற்காகத் தடுக்க வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: தங்குமிடம், வாகனம், தனியாகக் களத்துக்குப் போகச் சொல்வார்களா? சோதனைக்கு இருவராகப் போவதே முறை. குளக்கரையில் சேறு வழுக்கும், மிதவை அங்கி வேண்டும். இதைத் தர மறுக்கும் முதலாளியிடம், சம்பளம் எவ்வளவு தந்தாலும், சேர வேண்டாம். தேர்வு முடிவு வந்ததும் வேதியியலிலும் மலாயிலும் என்ன கிரேடு என்று பாருங்கள். மலாயில் கிரெடிட் கிடைக்கவில்லை என்றால், மற்ற விண்ணப்பங்களுக்கு முன் அந்தப் பாடத்தை மறுபடி எழுதப் பதிவு செய்யுங்கள்.