இங்கிலாந்து ஃபுட்பால் பிளேயர் டாம் ஃபின்னி நிஜமாவே பிளம்பர் வேலை பார்த்தாரா, ஏன் கடைசி வரைக்கும் ஒரே கிளப்?

ஆமாங்க, நிஜம்தான். 1922ல இங்கிலாந்துல பிரஸ்டன்ங்கிற ஊர்ல பிறந்தவரு, அவங்கப்பா முதல்ல ஒரு தொழில் கத்துக்கோ அப்புறம் பந்து ஆடுன்னு சொன்னதால பிளம்பிங் கத்துக்கிட்டாரு, ஸ்டார் ஆன பிறகும் அதை விடல. அப்போ இங்கிலாந்துல பிளேயர் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்துச்சு, அவர் ரிட்டயர் ஆனப்ப வாரத்துக்கு 20 பவுண்டுதான், எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் அதுக்கு மேல கிடையாது.

கிளப் விஷயம்தான் எனக்கு இன்னமும் மனசு ஆறல. 1952ல இத்தாலியோட பலேர்மோ கிளப் சேர்றதுக்கே 10,000 பவுண்டு தர்றேன்னு கூப்பிட்டாங்க, ஆனா அந்தக் காலத்துல கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் கிளப் விட்டாத்தான் போக முடியும், அவரோட கிளப் பிரஸ்டன் நார்த் எண்ட் விடல, அவ்ளோதான், கதை முடிஞ்சுது. சண்டை போடாம திரும்ப வந்து ஆடினாரு பாருங்க, பெரிய மனசு.

இரண்டாம் உலகப் போர்ல எகிப்து, இத்தாலின்னு சுத்திட்டு வந்ததால 1946லதான், அதாவது 24 வயசுல, லீக் மேட்ச்சே ஆட ஆரம்பிச்சாரு. அப்படியும் 433 லீக் மேட்ச், 187 கோல், இங்கிலாந்துக்கு 76 மேட்ச்ல 30 கோல். ரெண்டு விங்லயும், அதாவது மைதானத்தோட இடது வலது ஓரத்துலயும் ஆடுவாரு, நடுவுல கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டாவும் ஆடுவாரு. பெரிய கோப்பைதான் வாய்க்கல, 1953ல பாயிண்ட் சமமா இருந்தும் லீக் பட்டம் கோல் சராசரியில (அடிச்ச கோலை வாங்கின கோலால வகுக்கிறது) ஆர்சனல் கிளப்புக்குப் போச்சு, அடுத்த வருஷம் இங்கிலாந்தோட நாக்-அவுட் கோப்பையான எஃப்ஏ கப் ஃபைனல்ல 3-2ன்னு தோல்வி.

1960ல ரிட்டயர் ஆனாரு, அடுத்த சீசனே பிரஸ்டன் அப்போ உச்ச லீக்கா இருந்த முதல் டிவிஷன்ல இருந்து இறங்கிடுச்சு.