கேளுங்க சொல்றேன்: பனி ஊரு ரோடும் நம்ம மலை ரோடும்

அண்ணே, என் பொண்ணு சிவில் முடிச்சிட்டு கனடாவுல வேல பாக்குறா. இப்ப வடக்க நூனவுட்னு ஒரு பக்கம், அங்க ஆயிரம் பேரு இருக்குற ஊர்ல ரோடு, வாய்க்கா, முனிசிபாலிட்டி லாரி ஷெட்டு எல்லாம் எந்த நெலமைல இருக்குன்னு பாத்து ரிப்போர்ட் குடுக்கணுமாம். வெறும் பனியில பாக்க என்னண்ணே இருக்கு? ஷெட்டப் போயி எதுக்குப் பாக்கணும்? (வாசகி, அருவங்காடு)

ஷெட்டுலேர்ந்தே வரேன் தங்கச்சி, அங்க அதுதான் உயிர்நாடி. நூனவுட் 1999ல தனிப் பிரதேசமா பிரிஞ்சது, மொத்தமே 25 ஊரு, ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு ரோடு கெடையாது, பிளேன்ல போகணும், இல்லன்னா கோடைல ஐஸ் விலகுனப்புறம் கப்பல். முக்காவாசி ஊர்ல தண்ணி பைப்பும் கெடையாது. லாரி வீடு வீடா வந்து டேங்க்ல தண்ணி ஊத்திட்டுப் போகும், கழிவுத்தண்ணிய இன்னொரு லாரி உறிஞ்சிட்டுப் போகும். மைனஸ் முப்பதுல அந்த லாரிய ராத்திரி வெளிய விட்டா வால்வு பைப்பு எல்லாம் உறைஞ்சு வெடிச்சிரும், காலைல ஊருக்கே தண்ணி இல்ல. அதனால ஷெட்டுக்குள்ள எப்பவும் ஹீட்டர் ஓடணும்.

அங்கதான் சிக்கலே. கீழ இருக்குறது பெர்மாஃப்ராஸ்ட், வருஷக்கணக்கா உறைஞ்சே கெடக்குற மண்ணு. ஷெட்டு சூடு தரை வழியா எறங்குனா ஐஸ் கரைஞ்சு மண்ணு சேறாகும், கான்கிரீட் ஒரு பக்கமா உக்காந்துரும். உங்க பொண்ணு மொதல்ல பாக்குறது ஷட்டர் கதவாத்தான் இருக்கும்: முழுசா எறக்குனப்புறமும் ஒரு மூலைல கை நுழையுற எடுக்கு இருந்தா தரை எறங்கியிருக்குன்னு அர்த்தம். அப்புறம் தரைல விரிசல் எந்தப் பக்கம் ஓடுது, லாரி கழுவுற தண்ணி எங்க போகுதுன்னு பாப்பா. சுவரோரமாவே வடிஞ்சா அதுவும் ஐஸக் கரைக்கும்.

ரோடு பெரும்பாலும் கிராவல் ரோடுதான். தண்ணி ஓரமா தேங்கி நின்னாப் போதும், அடியில ஐஸ் கரைஞ்சு ரோடு அமுங்கும். ரோட்டுக்கு அடியில தண்ணி தாண்டிப் போற கல்வெர்ட்டு பைப்பு குளுர்காலம் பூரா ஐஸ் அடைச்சுக் கெடக்கும், வெளிய பனி உருகி தண்ணி வர்ற நேரத்துல உள்ள இன்னும் அடைப்பு, தண்ணி ரோட்டு மேல ஏறி அரிச்சிட்டுப் போயிரும், அதனால நீராவி விட்டுத் தொறக்குறாங்க. 2008 ஜூன்ல பாங்னிர்டுங்ங்குற ஊர்ல மழையும் பனி உருகுன தண்ணியும் சேந்து ஆத்தங்கரைய அறுத்து பாலத்தையே கெடுத்துச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவங்களுக்குத் தண்ணி லாரி போக வழியில்லாமப் போச்சு. நம்ம ஊர்ல பாலம் போனா சுத்திப் போவோம், அங்க சுத்திப் போக இன்னொரு ரோடே இல்ல. பொண்ணு நல்ல வேலைக்குத்தான் போறா, கம்பளி மட்டும் குடுத்து அனுப்புங்க.

தலைக்குந்தால ஜனவரில உறைபனி விழுதே, நமக்கும் அந்த டெக்னாலஜி வேணுமா? (வாசகர், ஊட்டி)

வேணாங்க. நம்ம பனி புல்லு மேல விழும், வெயில் ஏறுனா போயிரும், மண்ணு ஆழமா உறையாது. அங்க தெர்மோசைஃபன்னு கேஸ் அடைச்ச குழாய நட்டு, கரண்டே இல்லாம குளுர்காலத்துல மண்ணுச் சூட்ட வெளிய இழுக்குறாங்க. அது உறைஞ்ச மண்ண உறைஞ்சே வெக்கிறதுக்கு. நமக்குத் தொல்ல மழைதான், 2019 ஆகஸ்ட் 8ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுனத மறந்துட்டீங்களா?

எங்க தெருவுல தார் போட்ட அடுத்த மழைக்கே பேந்துருது. நாங்களே பாத்து மனு குடுக்கலாமா சார்? (வாசகர், குன்னூர்)

தாராளமா. ஆனா வெயில்ல போயி குழிய போட்டோ எடுக்காதீங்க, அத யாரும் மதிக்க மாட்டாங்க. மழை கொட்டுறப்ப குடையோட போங்க, உங்க பக்கம் ஐப்பசி மழைலதான் எல்லாம் தெரியும். தண்ணி எங்க ரோட்டு மேல ஏறுது, எங்க வாய்க்காலுக்குள்ள எறங்காம தாண்டி ஓடுதுன்னு வீடியோ எடுங்க. பழைய தாரச் சொரண்டாம மேலமேல போட்டுப் போட்டு ரோடு ஒசந்துருக்கும், வாய்க்காலும் மண்ணு ரொம்பிக் கெடக்கும், நெறைய தெருவுல கத இதுதான். தடுப்புச்சுவர்ல விட்டிருக்குற சின்னச் சின்ன ஓட்டையப் பாருங்க, மழை பெஞ்சும் ஒரு சொட்டு வரலைன்னா அடைச்சிருக்கு, செவுத்துக்குப் பின்னாடி தண்ணி சேருது, அது ஆபத்து, அத மனுவுல மொத வரியா எழுதுங்க. எந்த வீட்டுக்காரராவது வாய்க்கா மேல ஸ்லாப் போட்டு பைக் நிறுத்தியிருந்தா அதையும் எழுதணும், சண்ட வரும், வந்தாலும் எழுதுங்க.

ரோடு நகராட்சியோடதா, நெடுஞ்சாலைத் துறையோடதான்னு முன்னாடியே கேட்டுக்குங்க, இல்லாட்டி மனு ஆபீஸ் ஆபீஸா சுத்தும். அங்க நடக்கலைன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புல குடுங்க, ரசீது வாங்காம எந்திரிக்காதீங்க.